நாற்பத்திரண்டு டிக்

பாய்லர் பொருத்தும் வேலையில் சூப்பர்வைசர் நான், அதாவது டிக் போடுகிறவன். வால்வு பார்த்தாச்சா, டிக். கேஜ் பார்த்தாச்சா, டிக். பத்து வருடமாகப் பழகிய கை. கண் பார்ப்பதற்கு முன்பே போட்டுவிடும். திங்கட்கிழமை காலையிலேயே வாரம் முழுமைக்கும் டிக் போட்டு முடித்துவிட்டு டீ குடிக்கப் போவேன். அதைத் திறமை என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன்.

அக்காவின் கணவர் எங்கள் கம்பெனியில் வெல்டர். வெளிநாட்டு ஆலை ஒன்றில் முப்பத்து மூன்று நாள் வேலை என்று எங்கள் இருவரையும் அனுப்பினார்கள். மலேரியா உள்ள ஊர். போகும் முன் இரண்டு நாள், அங்கே இருக்கும் நாளெல்லாம், திரும்பி வந்த பின் ஏழு நாள் என்று ஆளுக்கு நாற்பத்திரண்டு மாத்திரை கொடுத்தார் கம்பெனி டாக்டர். கூடவே கட்டம் போட்ட ஒரு தாள். தாள் என்றால் என் கைக்குத்தானே வரும்.

"உன் மச்சான் மாத்திரைன்னா பத்தடி தள்ளி நிப்பாரு" என்றாள் அக்கா. "நீ குடுத்தா மறுக்க மாட்டாரு. உன்னை நம்பித்தான்டா அனுப்புறேன்."

பதினைந்து நாள் ஒழுங்காகக் கொடுத்தேன். பிறகு எங்களை வேறு விடுதிக்கு மாற்றினார்கள். கிளம்பிய அவசரத்தில் இருவர் மாத்திரையும் இருந்த பையைப் பழைய அறையிலேயே விட்டுவிட்டேன். மறுநாள் போய்ப் பார்த்தால் அலமாரி காலி. கம்பெனிக்கு ஒரு போன் போட்டிருந்தால் வேறு அனுப்பியிருப்பார்கள். ஆனால் சூப்பர்வைசரே மாத்திரையைத் தொலைத்துவிட்டாராம் என்று ஒர்க்‌ஷாப்பே சிரிக்கும். அந்தச் சிரிப்புக்குப் பயந்தேன். வேறு காரணமே இல்லை.

"என்ன மாப்ளே, இன்னைக்கு மாத்திரை இல்லையா?"

"டாக்டர்கிட்ட கேட்டேன் மச்சான். பதினஞ்சு நாள் போதுமாம்."

"அப்பாடா, தப்பிச்சேன்!"

கொசுவலைக்குள்ளும் காலுறையோடு படுக்கிற மனுஷன். நான் சொன்னதை மட்டும் அப்படியே நம்பினார். நான் டிக் போட்டுக்கொண்டே வந்தேன். ஊர் திரும்பிய பின் போட வேண்டிய ஏழையும் விமானத்திலேயே போட்டு முடித்தேன். அக்காவிடம், "மிச்சத்தை ஒர்க்‌ஷாப்பிலேயே குடுத்துடுறேன்" என்று கூசாமல் சொன்னேன். எட்டாம் நாள் தாளை அவளிடமே கொடுத்தேன்.

ஊர் திரும்பிய பன்னிரண்டாம் நாள் மச்சானுக்குக் குளிர் காய்ச்சல். நான் ஆஸ்பத்திரிக்கு ஓடிச் சேர்ந்தபோது, அக்கா அந்தத் தாளை டாக்டரிடம் நீட்டிக்கொண்டிருந்தாள்.

"என் தம்பி எழுதி வெச்சது டாக்டர். ஒரு நாள் கூட விடல." குரலில் அத்தனை பெருமை.

டாக்டர் கட்டங்களின் மேல் விரலை ஓட்டினார். "மலேரியாவோன்னு ரத்தம் எடுக்கலாம்னு இருந்தேன். இவ்வளவு ஒழுங்கா போட்டிருக்காரே, வைரஸ் காய்ச்சலாத்தான் இருக்கும். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. ரெண்டு நாள் பாப்போம்."

மச்சானின் பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது. அக்கா குனிந்து அவர் காலில் செருப்பை மாட்டினாள். டாக்டரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். அக்காவுக்குத் தெரியாமல் போகுமே என்ற ஆசை. அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

"ரத்தம் எடுங்க டாக்டர்" என்றேன். "அந்த டிக் எல்லாம் பொய். பதினஞ்சு நாளுக்கு மேல மாத்திரையே இல்ல. நான் தொலைச்சுட்டேன்."

பாதி மாட்டிய செருப்போடு அக்காவின் கை நின்றது.

மலேரியாதான். இரண்டு நாள் விட்டிருந்தால் மூளையைப் பிடித்திருக்கும் என்றார் டாக்டர். "முழுசா போட்டிருந்தாலும் நான் ரத்தம் பாத்திருக்கணும். அந்த மாதிரி ஊருக்குப் போய்ட்டு வந்தவருக்குக் காய்ச்சல்னா விடவே கூடாது. என் தப்பும்தான்." அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு கரையேறப் பார்த்தேன். அக்காவின் முகத்தைப் பார்த்ததும் அதுவும் நழுவிவிட்டது. எனக்கும் ரத்தம் எடுத்தார்கள். ஒன்றுமில்லை என்று வந்தது. ஏதாவது இருந்திருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

நான்காம் நாள் மச்சான் எழுந்து உட்கார்ந்தார். "மூஞ்சி ஏன் மாப்ளே இப்படி இருக்கு? நானே பொழைச்சுட்டேன்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் தாங்க முடியவில்லை.

நர்ஸ் மாத்திரையையும் கட்டம் போட்ட ஓர் அட்டையையும் வைத்துவிட்டு, "குடுத்ததும் ஒரு டிக் போட்டுடுங்க" என்றாள். பழக்க தோஷம், என் கை சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டிவிட்டது.

அக்கா மாத்திரையைக் கொடுத்தாள். தண்ணீர் கொடுத்தாள். வாயைத் திறக்கச் சொல்லி உள்ளே பார்த்தாள். பிறகு, நீட்டியிருந்த என் கையைத் தாண்டித் திரும்பி, "சிஸ்டர், ஒரு பேனா குடுங்க" என்றாள்.