சாக்கோடு பதினைந்து கிலோ

பால்சாமி வாங்கி வந்த சூட்கேஸ் சிவப்பாகப் பளபளத்தது. நான்கு சக்கரம், எண்களைத் திருப்பிப் போடும் பூட்டு, தட்டினால் கல்லைத் தட்டிய சத்தம். செஞ்சி மார்க்கெட் கமிட்டியில் நெல் மூட்டைகளை எடை போடுகிறவர் அவர். வீட்டிலேயே முதன்முதலாக விமானம் ஏறப்போகும் மகளுக்கென்று, ஆனந்தராஜ் கடையில் இருந்ததிலேயே கெட்டியானதைப் பார்த்து எடுத்திருந்தார்.

"யானை ஏறி நின்னாலும் ஒடையாது."

"பிளேன்ல யானைய ஏத்த மாட்டாங்க நைனா" என்றாள் ஸ்டெல்லா.

சிரித்தாளே தவிர, அவள் மனதில் இருந்தது வேறு பை. நீளமாக, துணியால் ஆனதாக, ஒற்றை விரலில் தூக்கும்படியாக. பனமலை ஏரியில் நீந்தக் கற்றவள் அவள். புதுச்சேரியில் ஸ்கூபா கற்றுத்தரும் இடத்தில் போன் எடுக்கும் வேலைக்குப் போய், தானும் கடலுக்கடியில் மூச்சுவிடக் கற்றாள். இப்போது அந்தமானில் சுற்றுலா வருகிறவர்களைக் கடலுக்குள் கூட்டிப்போகும் வேலை கிடைத்திருந்தது. கருவிகளைச் சொந்தமாகக் கொண்டுவர வேண்டும் என்பது அங்கே நிபந்தனை. மிதவை ஜாக்கெட், ரப்பர் உடை, காலணி, காலில் மாட்டும் நீளத் துடுப்புகள் எல்லாம் விமானத்தில் போடும் பெட்டிக்குள் போக வேண்டும். அந்தப் பெட்டி பதினைந்து கிலோவைத் தாண்டக் கூடாது.

இதையெல்லாம் சொல்லி வேறு பை கேட்கலாம்தான். ஆனால் நைனா சூட்கேஸைத் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார். அந்த முகத்தைப் பார்த்தபின் அவளுக்கு வாய் வரவில்லை. துடுப்புகளைக் குறுக்காகச் சாய்த்து, சந்துகளில் துணியைத் திணித்து, எப்படியோ மூடினாள்.

மறுநாள் பால்சாமி அதைக் கமிட்டிக்குத் தள்ளிக்கொண்டு போய்த் தராசில் வைத்துவிட்டு வந்தார்.

"பதிமூணுதான். இன்னும் ரெண்டு கிலோ இடம் இருக்குது!"

ரெண்டு கிலோவைச் சும்மா விட ஸ்டெல்லாவின் அம்மா லில்லிக்கு மனம் வருமா? அன்றே அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏறியது. மகளுக்குப் பிடித்த முறுக்கு டப்பா டப்பாவாகத் துடுப்புகளுக்கு நடுவில் உட்கார்ந்தது.

வெள்ளிக்கிழமை காலை மூவரும் சூட்கேஸை மாதா கோயிலுக்குக் கொண்டு போனார்கள். தூரப் பயணம் போகிறவர்களின் மூட்டை முடிச்சைச் சாமியார் மந்திரித்துக் கொடுப்பது அங்கே வழக்கம். அவர் செபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தார். சூட்கேஸை ஓரமாக வைக்கத் தூக்கியவர், இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"பால்சாமி, உள்ள நெல்லு கில்லு போட்டிருக்கியா?"

"இல்ல சாமி, பதினஞ்சுதான்."

ஸ்டெல்லா சட்டென்று அப்பா பக்கம் திரும்பினாள். "நைனா, தராசு எவ்ளோ காட்டுச்சு?"

"பதினெட்டு. சாக்கு கழிச்சா பதிமூணு. இப்ப முறுக்கோட பதினஞ்சு."

"சாக்கா?"

"அதான், இந்தப் பொட்டி. காலிப் பொட்டி அஞ்சு கிலோ, கழிச்சிட்டேன். சாக்குக்கு எவனாவது எடை போடுவானா? முப்பது வருஷமா கழிச்சுதானே எழுதறேன்."

"பிளேன்காரன் சாக்கோட சேத்துதான் போடுவான் நைனா."

லில்லிதான் முதலில் சிரித்தாள். சாமியாரும் சிரித்துவிட்டார். பால்சாமி மட்டும் சிரிக்கவில்லை. அவர் கை சூட்கேஸின் மேல் இருந்தது. மறுநாள் காலை விமானம். ஐந்து கிலோ கூடுதல். அதற்கான கட்டணம் சூட்கேஸ் விலையையே தொட்டது. கருவிகளில் எதையும் விட்டுப்போக வழியில்லை.

"என் புள்ளைய இக்கட்டுல மாட்டிட்டேனே" என்றார் மெதுவாக.

"நான்தான் முன்னாடியே வாயத் தொறந்து சொல்லியிருக்கணும். வா நைனா, கடைக்குப் போலாம்."

ஆனந்தராஜ் கடையில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று பலகை தொங்கியது. ஸ்டெல்லா அதைப் பற்றிப் பேசவேயில்லை. லேசான பைகளை இறக்கச் சொல்லி, கருவிகளைக் கடை வாசலிலேயே பரப்பினாள். ஒரு பை துடுப்புக்குக் குட்டை. இன்னொன்றில் ஜாக்கெட் நுழையவில்லை. அதற்குள் கூட்டம் கூடிவிட்டது.

"இன்னாடி இது, மீன் வாலா?" என்றாள் பக்கத்தில் பூ விற்கும் ரத்தினம்மாள்.

"காலுல மாட்டிக்கிறது பெரிம்மா."

"அப்ப காத்து சிலிண்டர்?"

"அது அங்கயே தருவாங்க."

"நல்லவேள. இல்லாட்டி உங்கப்பன் அதையும் சாக்குன்னு கழிச்சிருப்பான்." அதற்குள் விஷயம் கடைத்தெருவுக்கு வந்து சேர்ந்திருந்தது! ரத்தினம்மாள் நீச்சல் கண்ணாடியை எடுத்துத் தானே மாட்டிக்கொண்டு, "மல்லி, முல்லை!" என்று கூவினாள். பேருந்துக்கு நின்றவர்கள்கூடச் சிரித்தார்கள்.

அப்போது ஆனந்தராஜ் உள்ளிருந்து ஒரு நீலப் பையைக் கொண்டுவந்து ஓரமாக நின்ற ஆதவனிடம் கொடுத்தார். டிராக்டர் ஷோரூமில் வேலை பார்க்கும் ஆதவன், ஊர் கிரிக்கெட் குழுவின் கேப்டன். மட்டைகள் வைக்க ஆர்டர் கொடுத்துச் செய்த பை. நீளம், துணி, அடியில் இரண்டு சக்கரம். பக்கவாட்டில் வெள்ளை எழுத்தில் 'ராஜகிரி லெவன், செஞ்சி'.

ஸ்டெல்லா அதைப் பார்த்தாள். கேட்கவில்லை. பார்வையைத் திருப்பி, "திண்டிவனத்துல தேடிக்கலாம் நைனா" என்று துடுப்புகளை எடுத்து அடுக்கினாள்.

ஆதவன் பையைக் கீழே வைத்து ஜிப்பைத் திறந்தான். "அக்கா, அந்த வாலை இதுல வெச்சுப் பாருங்க."

துடுப்புகள் நீட்டமாகப் படுத்தன. அதன்மேல் ஜாக்கெட், உடை, காலணி, துணிகள். ஜிப் இழுத்த இழுப்பில் மூடியது. ஆனந்தராஜ் தொங்கும் தராசைக் கொண்டுவந்தார். காலிப் பை ஒன்றரை கிலோதான் இருந்தது.

"எடுத்துக்கோங்க" என்றான் ஆதவன்.

"ஞாயித்துக்கிழமை உங்களுக்கு மேட்ச் இருக்குதேப்பா" என்றார் பால்சாமி.

"போன வருஷம் உரச் சாக்குலதான் பெரிப்பா போனோம். அடுத்த பை வர வரைக்கும் சாக்கு தாங்கும்."

"உரச் சாக்கு வேணாம். நான் தெச்சுத் தரேன்." பால்சாமி நிமிர்ந்து நின்றார். காலையிலிருந்து அப்போதுதான் அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது. பைக்கு அவர் கொடுத்த பணத்தை ஆதவன் எண்ணாமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். "ஆனா ஒண்ணு அக்கா. கடலுக்கடியில எங்க டீம் பேரு தெரியணும்."

முறுக்கு ஒன்றரை கிலோ வெளியே வந்தது. அரைக்கிலோ மட்டும் துடுப்புகளோடு போனது. மீதி டப்பாக்கள் ராஜகிரி லெவனுக்கு.

"சாமியார் மந்திரிச்சது அந்தப் பொட்டியையாச்சே" என்று லில்லி கவலைப்பட்டாள்.

"ஒருத்தன் தன் பையையே கழட்டிக் கொடுத்தா, கடவுள் அதுக்கு மேலயா தீர்த்தம் தெளிக்கப் போறாரு?" என்றார் பால்சாமி. கடவுள் எந்தெந்த வாசல் வழியாக வருகிறார் என்று யாருக்குத் தெரியும்? அன்று அவர் பைக்கடை வாசல் வழியாக வந்ததாகத்தான் அந்தக் குடும்பம் நம்பியது.

சனிக்கிழமை விமான நிலையத்தில் பெற்றோரைக் கண்ணாடிக் கதவுக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். சற்று நேரத்தில் பால்சாமியின் போன் அடித்தது.

"பதினாலு தொள்ளாயிரம் நைனா!"

"சாக்கோடவா?"

"சாக்கோட! கவுண்டர்ல இருந்த பொண்ணு கேக்குது, மேடம் நீங்க பேட்டிங்கா பவுலிங்கான்னு."

அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் நின்ற காவலரும் சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை ராஜகிரி லெவன், கோணி ஊசியும் சணலும் போட்டுப் பால்சாமி தைத்த நீளச் சாக்கில் மட்டைகளைச் சுமந்து போய் அரையிறுதியில் தோற்றது. முறுக்கு மட்டும் ஒன்றும் மிஞ்சவில்லை. அடுத்த வாரம் ஆதவனுக்கு ஒரு படம் வந்தது. நீலத் தண்ணீருக்குள் ஸ்டெல்லா கையில் ஒரு பலகை. அதில் அவன் குழுவின் பெயர். பெயரை எட்டிப் பார்க்கும் ஒரு மஞ்சள் மீன்.

சிவப்பு சூட்கேஸ் கட்டிலுக்கடியில் இருந்தது. கிறிஸ்மஸுக்கு இருவரும் அந்தமானுக்கு வரவேண்டும் என்று மகள் சொல்லிவிட்டாள். பால்சாமி அதை இழுத்துத் துடைத்தார்.

"லில்லி, இதுக்கு அஞ்சு கிலோ போச்சு. பாக்கி பத்துதான் இருக்குது, அதுக்குள்ள துணிய எடுத்து வை."

"அப்ப முறுக்கு?"

அவர் நன்றாக யோசித்தார். "உன் சேலைய கொறச்சுக்கலாம்."