ஜப்பானின் கழுத்தில் இரும்பு

எனக்கு அந்தோணிதாஸ் என்று பெயர் வைத்த சாமியார் தோமா என்று வைத்திருந்தால் பொருத்தமாக இருந்திருக்கும். தொட்டுப் பார்க்காமல் எதையும் நம்பாத பிறவி நான். பால்காரன் ஊற்றும் பாலை நம்பமாட்டேன், பஸ்காரன் சொல்லும் நேரத்தை நம்பமாட்டேன். என் மனைவி அகத்தா காய்ச்சல் என்று படுத்தால்கூட நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அடுப்புப் பக்கம் போவேன். “கல்யாணத்தன்னிக்கே என் பல்லை எண்ணிப் பாத்த ஆளு நீங்க” என்று அவள் இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள். அப்படிப்பட்டவனுக்கு எக்ஸ்ரே அறையில் வேலை கிடைத்தது ஆண்டவனாகப் பார்த்துக் கொடுத்ததுதான்.

பினாங்குக்கு வடக்கே, திகாம் பத்துவுக்கும் குருணுக்கும் நடுவில் நாலு ரப்பர் தோட்டங்கள் சேர்ந்து நடத்திய ஆஸ்பத்திரி அது. யுத்தம் முடிந்து பட்டாளம் விட்டுவிட்டுப் போன பழைய எக்ஸ்ரே மெஷின் ஒன்று அங்கே இருந்தது. டாக்டர் வெள்ளிக்கிழமை மட்டும்தான் வருவார். மற்ற நாட்களில் மெஷினை ஓட்டுவதும் நான், இருட்டறையில் பிலிம் கழுவுவதும் நான், கேட்கிறவர்களுக்குப் படத்தில் இருப்பதைச் சொல்லிப் பீற்றிக்கொள்வதும் நான்.

1952. வெள்ளைக்காரன் போட்ட எமர்ஜென்சி உச்சத்தில் இருந்தது. தோட்டங்களைச் சுற்றி முள்வேலி. பால் வெட்டப் போகிறவர்களைக் காலையில் கேட்டில் நிறுத்தித் தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்துத்தான் விடுவார்கள். காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்ட்டுகளுக்கு ஒரு பிடி அரிசி போய்விடக்கூடாதாம். சைக்கிள் பம்புக்குள் அரிசி, வாளி தூக்கும் கம்பைக் குடைந்து அதற்குள் மருந்து என்று ஏதாவது அகப்பட்டுக்கொண்டேதான் இருந்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அந்தக் காலத்தில் எல்லோருமே அரண்டுபோய்த்தான் இருந்தோம்.

ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு டிடெக்டிவ் சார்ஜன் முருகையா ஒரு நாயை இழுத்துக்கொண்டு வந்தார். பின்னால் இரண்டு போலீஸ்காரர்கள்.

“அந்தோணி, இதுக்கு ஒரு படம் எடு.”

“சார், இது மனுசங்களுக்கு உள்ள மெஷின் லா.”

“உள்ள இருக்கிறது மனுசன் வச்ச சாமான். எடு.”

செம்மண் நிறத்தில் ஒரு கிழட்டு நாய். கழுத்தில் ஒரு பக்கம் வாத்து முட்டை அளவுக்கு வீக்கம். ஜப்பான்காரன் ஓடிப்போன மாதத்தில் பிறந்ததாம், அதனால் பெயரே ஜப்பான். ஏழாவது மைலில் இருக்கும் ஏழாம் கட்டைத் தோட்டத்தில் பால் வெட்டும் பக்கிரிசாமியின் நாய். விடிந்தால் வேலிக்கு அடியில் நுழைந்து காட்டுப் பக்கம் போவதும், வெயில் ஏறும்போது திரும்புவதும் அதன் வழக்கம். போன வாரம் காட்டோரத்தில் கம்யூனிஸ்ட்டுகள் காலி செய்துவிட்டுப் போன முகாம் ஒன்றைப் பட்டாளம் கண்டுபிடித்தபோது, இந்த நாய் அங்கே சாம்பலில் சுருண்டு படுத்திருந்தது. சனிக்கிழமையே பக்கிரிசாமியைப் பிடித்து லாக்கப்பில் போட்டுவிட்டார்கள். கழுத்துத் தோலைக் கீறி, உள்ளே துப்பாக்கிக் குண்டோ சேதியோ வைத்துத் தைத்து அனுப்புகிறான் என்பது சார்ஜனின் கணக்கு.

“அறுத்துப் பாத்துறலாமே சார்?” என்று கேட்டேன்.

“அறுத்தா செத்துரும். செத்த நாய் வழி காட்டுமா? சாமான் இருக்குன்னு தெரிஞ்சா வியாழக்கெழம அவுத்து விட்டு, பட்டாளத்தோட பின்னாலயே போவோம்.”

வாயைத் துணியால் கட்டி, அவர்கள் மூவரும் கால்களைப் பிடித்துக்கொள்ள, நாயைக் குப்புறப் போட்டு ஒரே ஒரு படம் எடுத்தேன். பக்கவாட்டில் இன்னொன்று எடுத்திருக்க வேண்டும். ஆனால் அது உறுமிய உறுமலில் எனக்குக் கை கால் ஓடவில்லை. பிலிமைக் கழுவி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். வீக்கம் இருந்த இடத்தில் பளீரென்று வெள்ளை வெள்ளையாகப் பொடிகள், நடுவில் அரிசி அளவுக்கு நாலைந்து துண்டுகள். எலும்பைவிட வெளுப்பு.

“என்னாடா அது?”

“இரும்பு மாதிரி இருக்கு சார்.”

சார்ஜன் என் தோளைப் பிடித்து உலுக்கினார். “கண்ணுன்னா உன் கண்ணுதான் லா!” மறைக்காமல் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. யாருக்கும் தெரியாததைக் கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம். வியாழக்கிழமை லாரியில் பக்கிரிசாமியைத் தடுப்பு முகாமுக்கு ஏற்றுகிறார்கள், அப்புறம் பினாங்கு, அங்கிருந்து கப்பலில் இந்தியா என்று சொல்லிவிட்டுப் போனார். பக்கிரிசாமி இந்த மண்ணிலேயே பிறந்தவன், கப்பலைக் கண்ணால் பார்த்தவனில்லை. அதைக் கேட்டும் எனக்கு ஒன்றும் உறுத்தவில்லை. செய்தவன் அனுபவிக்கிறான் என்று வீட்டுக்குப் போய் அகத்தாவிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் குழம்புக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, “பாத்தீங்களா, நெனச்சீங்களா?” என்று மட்டும் கேட்டாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவினேன்.

நாயை ஆஸ்பத்திரிப் பின்கட்டில் கட்டிப்போட்டு, காவலுக்கு என்னை வைத்தார்கள். புதன்கிழமை காலை பக்கிரிசாமியின் மனைவி மருதம்மாள் வந்தாள். கையில் ஒரு தேங்காய்ச் சிரட்டை, வாழையிலையால் மூடியிருந்தது.

“அண்ணே, ஜப்பான் இங்கதான் இருக்குன்னாங்க. மருந்து போட்டு மூணு நாளாச்சு. போட்டுட்டுப் போயிர்றேன்.”

புருஷன் நாளைக்கு லாரி ஏறப்போகிறான், இவள் நாய்க்கு மருந்து போட வருகிறாளாம்! என் மூளை எங்கே போகும்? விஷம், சந்தேகமே இல்லை, நாயைக் கொன்று சாட்சியை அழிக்கப் பார்க்கிறாள் என்று நினைத்தேன்.

“ஒம் புருசன் உள்ள கெடக்கான். நாய்தான் பெருசாப் போச்சா?”

“அவுக எங்கிட்ட சொல்லிவுட்ட ஒரே வார்த்த அதான்ணே. ஜப்பானப் பாத்துக்கன்னு. வேற என்னா செய்வேன் நானு, சொல்லுங்க?” என்று அழுதாள்.

அழுகையையும் நான் நம்புகிறவனில்லை. சிரட்டையைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். மஞ்சளாக ஒரு களிம்பு. குச்சியால் கிளறினேன், மோந்து பார்த்தேன், தேங்காயெண்ணெய் வாடைதான். அடியில் எதையாவது புதைத்து வைத்திருப்பாளோ என்ற நினைப்பு விடவில்லை. சிரட்டையை அப்படியே பிலிம் பெட்டியின்மேல் வைத்து சுவிட்சை அமுக்கினேன்.

இருட்டறையில் சிவப்பு விளக்குக்குக் கீழே அந்தப் படம் துலங்கி வந்தது. சிரட்டை மங்கலாக ஒரு வட்டம். உள்ளே இருந்த களிம்பு முழுக்கப் பளீரென்று வெள்ளை. அதே பொடி. அரைபடாத அதே அரிசியளவுத் துண்டுகள். திங்கட்கிழமைப் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சேசு மரி சூசை!

வெளியே ஓடினேன். “என்னாம்மா இது?”

“மிருதார்சிங்கி. திகாம் பத்துல காஜா மைதீன் கடையில வாங்குனேன். அரைச்சு எண்ணெயில கொழைச்சுத் தடவுனா கழலை கரையும்பாங்க. எங்கம்மாவுக்கும் இதான் போட்டோம்.”

மிருதார்சிங்கி ஈயத்திலிருந்து எடுக்கிற மருந்து. எக்ஸ்ரே எதையும் துளைக்கும், ஈயத்தைத் துளைக்காது. மெஷின் ஓடும்போது நான் மார்பில் மாட்டிக்கொள்ளும் கவசமே ஈயத் தகடு போட்டதுதான். மனிதர்கள் படுத்தால் தாலியைக் கழற்று, தாயத்தைக் கழற்று, தைலத்தைத் துடை என்று உயிரை வாங்குவேன். நாய்க்கு மட்டும் அந்த ரோமத்தை விலக்கிக்கூடப் பார்க்கவில்லை. பல்லுக்குப் பயம், சார்ஜன் மெச்ச வேண்டும் என்ற ஆசை, அவ்வளவுதான்.

மருதம்மாள் பிடித்துக்கொள்ள, சோப்புப் போட்டு அந்தக் கழுத்தை மூன்று தடவை தேய்த்துக் கழுவினேன். அவள் பிடித்தால் அது பூனையாக அடங்கியது. மேலிருந்து ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம். இரண்டிலும் ஒரு பொடி இல்லை. மூச்சுக்குழாய் ஒரு பக்கமாக வளைந்து ஒதுங்கியிருந்தது, அதை நெருக்கிக்கொண்டு சதைக்கட்டி ஒன்றின் சாம்பல் நிழல். தொண்டைக்குக் கீழே இருக்கும் தைராய்டு சுரப்பி மனிதர்களுக்கு வீங்கினாலும் குழாய் இப்படித்தான் ஒதுங்கும், எத்தனையோ படத்தில் பார்த்திருக்கிறேன். நாய்க்கும் அதே நோய். இரும்பும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

சார்ஜனுக்கு ஆள் அனுப்பினேன். மத்தியானம் வந்தார். நான் சொன்னதையெல்லாம் கேட்டார். பழைய படத்தையும் புதுப் படங்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வாசலில் நின்ற மருதம்மாளைப் பார்த்தார்.

“திங்கக்கெழம இருந்துச்சு. இன்னிக்கி இல்ல. நடுவுல அவ வந்திருக்கா.”

“சார், அது களிம்பு சார்...”

“சாமான எடுத்து அவகிட்ட குடுத்துட்டு எனக்குக் கத சொல்றியா? கழுவுறதுக்கு முந்தி ஏன் என்னைக் கூப்பிடல?”

சாட்சி வைக்காமல் கழுவிவிட்டேனே, மடையன்! அவர் கேட்டதில் என்ன தப்பு? அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் அச்சு அசலாக அதைத்தான் கேட்டிருப்பேன். அதுதான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது. என்னைப் போன்ற ஒருவன் கையில் நான் மாட்டிக்கொண்டேன்.

“நாளைக்கு லாரியில ரெண்டு எடம் வேணும் போலருக்கே” என்று என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

சிரட்டையின் அடியில் இன்னும் கொஞ்சம் களிம்பு இருந்தது. சட்டைப் பொத்தானை அவிழ்த்தேன்.

“சார், எங் கழுத்தப் படம் புடிங்க. மொதல்ல வெறுங்கழுத்து. அப்புறம் களிம்பு. சுவிட்ச நீங்களே அமுக்குங்க. பிலிம நீங்களே கழுவுங்க, நான் பக்கத்துல நிக்கிறேன்.”

“வெளையாடுறியா?”

“நான் பொய் சொன்னா ரெண்டு எடமே போட்டுக்குங்க சார்.”

மேசையில் மல்லாந்து படுத்தேன். அத்தனை வருஷத்தில் அந்த மேசையில் நான் படுத்தது அதுதான் முதல் தடவை, முதுகு ஜில்லென்றிருந்தது. சார்ஜன் ஒரு படம் எடுத்தார். பிறகு களிம்பை அள்ளித் தொண்டையில் அப்பிக்கொண்டு படுத்தேன், இன்னொன்று எடுத்தார். இருட்டறையில் எந்தத் தொட்டியில் எவ்வளவு நேரம் என்று நான் சொல்லச் சொல்ல அவர் கையாலேயே கழுவினார். இரண்டாவது படத்தில் என் தொண்டைக்கு உள்ளே, சரியாக நடுவில், நாயின் கழுத்தில் கண்ட அதே இரும்பு வந்து உட்கார்ந்திருந்தது.

சார்ஜன் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். என் தொண்டையை விரலால் அழுத்தித் தடவினார், விரலில் ஒட்டிய மஞ்சளைப் பார்த்தார். அத்தனை பிலிமையும் பழைய பேப்பரில் சுருட்டிக்கொண்டு போனார். அன்று இரவு நான் தூங்கவில்லை, அகத்தா ஜெபமாலையைக் கீழே வைக்கவில்லை.

வியாழக்கிழமை காலை லாரி ஆஸ்பத்திரியைக் கடந்து போனது. தார்ப்பாய் மூடியிருந்ததால் யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று தெரியவில்லை. எனக்கு வேலை ஓடவில்லை, இரண்டு பிலிமைக் கெடுத்தேன். பன்னிரண்டு மணிக்குப் பின்கட்டில் நாய் ஊளையிட்டுக் குதித்தது. ஓடிப்போய்ப் பார்த்தால், மருதம்மாள் தோளைப் பிடித்துக்கொண்டு பக்கிரிசாமி வந்து நின்றான். முகம் ஒரு பக்கம் கறுத்து வீங்கியிருந்தது. இரண்டு கை விரல்களும் பழுத்த வாழைப்பழம்போல் தடித்திருந்தன. நாய் அந்தக் கைகளை நக்கியது, அவனால் அதைத் தடவிக் கொடுக்க முடியவில்லை.

மருதம்மாள் என் காலில் விழப் போனாள். “நீங்க நல்லாருக்கணும்ணே! புள்ள குட்டியோட நூறு வருசம் இருக்கணும்! நீங்க இல்லாட்டி இவரு இந்நேரம் லாரியில!”

பக்கிரிசாமி கும்பிடக் கையைத் தூக்கினான், விரல்கள் சேரவில்லை. “அண்ணே, திங்கக்கெழம வரைக்கும் கேள்விதாண்ணே கேட்டாங்க. அன்னிக்கி மத்தியானந்தான் அடிக்க ஆரம்பிச்சாங்க. இரும்பு எங்கடா, இரும்ப யாருடா குடுத்தான்னு... எந்தப் பாவிண்ணே நாய்க் கழுத்துல இரும்பு இருக்குன்னு சொன்னவன்? ஒங்களுக்குத் தெரியுமா?”

சும்மா இருந்திருக்கலாம். சார்ஜன் வந்து சொல்லப் போவதில்லை. நான் இல்லாட்டி என்று அவள் சொன்ன வார்த்தை காதில் இனித்துக்கொண்டுதான் இருந்தது. அவன் விரல்களைப் பார்த்தேன்.

“நான்தான்” என்றேன். “பாக்காம, கழுவாம, நான்தான் சொன்னேன்.”

அவன் என் முகத்தையே பார்த்தான். திட்டுவான், காறித் துப்புவான் என்று நின்றேன். மருதம்மாள் இரண்டடி பின்னால் போய்ச் சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டாள்.

“அப்ப நீயே அந்தக் கயித்தப் புடிச்சுக்கிட்டு வா” என்றான். “எனக்கு வெரலு மடங்கல.”

கயிற்றைப் பிடித்துக்கொண்டு பஸ் நிற்கும் இடம்வரை நடந்தேன். குருண் பஸ் வந்து நின்றதும் மருதம்மாள் என் விரல் தன் கையில் பட்டுவிடாமல் கயிற்றை வாங்கிக்கொண்டு ஏறினாள்.