நாலாம் பத்து

செபமாலை பின்னேரம் இரண்டரைக்குத் தொடங்கும். பிரெஞ்சுத் தலைநகரின் ரூ காய் வீதியில் தமிழ்க் கடைகள் அந்த நேரம் ஓய்ந்திருக்கும். ஒரு இலக்கத்துக்கு அழைத்தால் எல்லோரும் ஒரே தொலைபேசி இணைப்பில் சேரலாம். ஒருவர் சேர்ந்தால் ஒரு பீப் சத்தம், விலகினால் இரண்டு. நாற்பது பேர்வரை வருவார்கள்.

சுகிர்தம் பலசரக்குக் கடையின் கல்லாவில் இருந்தபடியே, காதில் வயரைச் செருகிக்கொண்டு செபிப்பாள். யாராவது முருங்கைக்காயைத் தூக்கிக் காட்டினால் விரல்களால் விலை சொல்வாள்.

குழுவை நடத்துபவள் றெஜினா. எதிர்ப்பக்கத்தில் சேலைக் கடை வைத்திருக்கிறாள். தொடங்கிய செபமாலையை இடையில் விடக்கூடாது என்பது அவளுடைய ஒரே சட்டம். ஒருமுறை அவளுடைய கடைக்குள் தண்ணீர்க் குழாய் வெடித்தது. பத்துப் பத்தாகச் சொல்லும் மாதா செபத்தின் ஐந்து பத்தையும் முடித்துவிட்டுத்தான் ஆளைக் கூப்பிட்டாள்.

2013 ஏப்ரலில், ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் மணம் முடிக்கலாம் என்ற சட்டம் பாராளுமன்றத்தில் கடைசி வாக்கெடுப்புக்கு வந்திருந்தது. பூசை முடிந்ததும் கோயில் வாசலில் எதிர்ப்பு மனுவுக்குக் கையெழுத்து வாங்கினார்கள். மார்ச்சில் நடந்த பெரிய எதிர்ப்பு ஊர்வலத்துக்கு றெஜினா அறுபது பேரை லா சப்பல் நிலையத்திலிருந்து இரண்டாம் இலக்க மெற்றோவில் ஏற்றிக்கொண்டு போனாள். சுகிர்தமும் போனாள். இளஞ்சிவப்புக் கொடி ஒன்று தந்தார்கள். பிடித்தாள்.

யாரோ எடுத்த படம் முகநூலில் வந்தது. அடுத்த ஞாயிறு அவளுடைய மகன் யோன் ஆர்ஜொந்தெய் புறநகரிலிருந்து சாப்பிட வந்தான். ழான்-லூக்கும் வந்தான். நான்கு வருடங்களாக இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். சுகிர்தம் அதைப்பற்றி ஒன்றும் கேட்டதில்லை. ழான்-லூக்குக்கு மட்டும் உறைப்பைக் குறைத்து மீன்குழம்பை வேறாக வைப்பாள்.

"படத்திலை வடிவா இருக்கிறீங்கள், அம்மா," என்றான் யோன்.

அவள் மீன்குழம்பை அவன் பக்கம் தள்ளினாள்.

"எங்களைப் பற்றித் தெரிஞ்சுதானே போனீங்கள்?"

"எல்லாரும் போச்சினம்."

"சட்டம் வந்தா ஜூனிலை எங்களுக்கு நகரசபையிலை கலியாண எழுத்து. நீங்கள் வருவீங்களோ?"

ழான்-லூக் இன்னும் கொஞ்சம் சோறு கேட்டான். தமிழில் கேட்டான். சுகிர்தம் சோற்றைப் போட்டாள். 

வாக்கெடுப்புக்கு முதல் நாள் காலை, ஐந்து பத்துகளிலும் எதற்காகச் செபிக்கவேண்டும் என்ற கருத்துகளை றெஜினா குறுஞ்செய்தியில் அனுப்பினாள். சுகிர்தத்துக்கு நாலாவது. இந்தச் சட்டம் தோற்கவேண்டும், அதை விரும்புகிறவர்கள் மனம் திரும்பவேண்டும். சுகிர்தம் அதை ஒரு பிஸ்கட் மட்டையில் எழுதிக் கல்லாவில் சாத்திவைத்தாள்.

அன்று முப்பத்தெட்டுப் பேர் சேர்ந்திருந்தார்கள். முதல் பத்தை மன்னார்க்காரி மதலேன் சொன்னாள். இரண்டாவதைப் புதுச்சேரி ஜெனவியேவ். அவள் எப்போதும் அவசரக்காரி. பதில் சொல்கிறவர்கள் பின்னால் ஓடவேண்டும். மூன்றாவது ஷிரோமி.

"நாலாவது, சுகிர்தம்," என்றாள் றெஜினா.

மட்டையைப் பார்த்தாள். அதை விரும்புகிறவர்கள் என்று இருந்தது. அப்படி அவளுக்குத் தெரிந்தவர்கள் இரண்டு பேர்தான்.

"நாலாவது பத்து," என்றாள். "என்ரை மகன் யோனுக்காக. அவனோடை இருக்கிற ழான்-லூக்குக்காக. ரெண்டு பேரும் கலியாணம் முடிக்க நிக்கினம். நல்லா இருக்கவேணும்."

யாருடைய வீட்டிலோ குக்கர் விசிலடித்தது.

பரலோக மந்திரத்தின் முன்பாதியைச் சொன்னாள். பின்பாதி மற்றவர்களுடையது. எந்தச் செபத்திலும் அப்படித்தான். ஒருவர் பாதி சொல்வார், மற்றவர்கள் முடிப்பார்கள்.

யாரும் முடிக்கவில்லை. பீப் பீப். பிறகு இன்னொரு பீப் பீப். பிறகு வரிசையாக. சுகிர்தம் எண்ணினாள். கல்லாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு ஒரு குரல், துணி கிழிக்கிற மாதிரி: "எங்கள் அன்றாட உணவை இன்று எங்களுக்குத் தாரும்."

றெஜினா.

மதலேன் சேர்ந்தாள். பிறகு, நின்ற மற்றவர்களும் ஒவ்வொருவராகச் சேர்ந்தார்கள். தொடர்ந்த பத்து மாதா செபங்களிலும் றெஜினாவின் குரல்தான் முன்னால் வந்தது. ஒவ்வொரு முறையும் கோபத்தோடு வந்தது.

ஐந்தாவது முடிந்ததும் றெஜினா வீதியைக் கடந்து வந்தாள். கழுத்தில் அளவுநாடா தொங்கியது.

"உனக்கு விசரே?"

"இல்லை."

"பதினொரு பேர் போனை வைச்சிட்டுப் போட்டினம்."

"பன்னிரண்டு, அக்கா. எண்ணினனான்."

"செபத்தை விடக்கூடாதெண்டுதான் நான் பதில் சொன்னனான். உன்ரை கருத்துக்கில்லை."

"அது எனக்குத் தெரியும். மாதாவுக்குத் தெரியுமோ தெரியாது."

றெஜினா அளவுநாடாவைக் கழுத்திலிருந்து இழுத்துக் கையில் சுற்றினாள். 

"எவ்வளவு காலமா?"

"நாலு வருசம்."

"நாலு வருசம்! வாயைத் திறக்கேல்லை. கொடி பிடிக்கவும் வந்தனி."

"ஓம்."

"மூளை கெட்டவள். இனி உனக்குப் பத்துத் தரமாட்டன்."

"பதில் சொல்லலாமோ?"

றெஜினா யோசித்தாள். கறிவேப்பிலைக் கட்டு ஒன்றை எடுத்தாள். மணந்து பார்த்தாள்.

"பதில் ஆரும் சொல்லலாம். நான் பூட்டு வைச்சிருக்கிறனே?"

கறிவேப்பிலையோடு போய்விட்டாள்.

சுகிர்தம் மகனை அழைத்தாள். அவன் சென்-லசார் போகும் ரயிலில் இருந்தான்.

"ஜூனிலை வாறன்," என்றாள்.



"சட்டம் நாளைக்குத்தான், அம்மா. தோத்தாலும் தோக்கும்."

"தோத்தாலும் வாறன். எழுத்து இல்லாட்டி என்ன, சாப்பாடு இருக்கும்தானே?"

அவன் பிரெஞ்சில் பக்கத்திலிருந்தவனிடம் ஏதோ சொன்னான். ழான்-லூக் சிரிப்பது கேட்டது.

"இருபத்தாறு பேர் உங்களுக்காகச் செபிச்சவை," என்றாள்.

"எங்களுக்கோ? நாங்கள் ஆரெண்டு தெரிஞ்சோ?"

"தெரிஞ்சுதான். பன்னிரண்டு பேர் விட்டிட்டுப் போட்டினம். மிச்சம் நிண்டவை."

"அப்ப இனி நீங்கள் கலியாணத்துக்குச் சேலை எடுக்கலாம்," என்றான் யோன். "நான் காசு தாறன். நல்ல கடையாப் பாருங்கோ."

"றெஜினாட்டைத்தான் எடுக்கவேணும். வேறை கடையிலை எடுத்தா இன்னும் கோவிப்பா."