மாமாவை எலியாக்கிய காது

எங்கள் ஆட்களுக்குக் காது என்றாலே தாய்மாமன் மடிதான். மொட்டை போட்டு, மாமன் மடியில் உட்காரவைத்து, பிள்ளை வீறிட வீறிடக் குத்தினால்தான் அது காது. என் மகள் தீபிகாவுக்கும் அப்படித்தான் நடந்தது. என்ன, அவள் வீறிட்டது அவளுக்கே கேட்கவில்லை. பிறவியிலேயே இரண்டு காதும் கேட்காது என்பது அதற்குப் பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

மூன்று வயதில் வலது காதுக்கு ஆபரேஷன் செய்து உள்ளே ஒரு கருவி வைத்தார்கள். வெளியே காதுக்கு மேல் மாட்டிக்கொள்ள ஒரு மெஷின், அதிலிருந்து வரும் ஒயரின் நுனியில் ஒரு காந்த வில்லை. வில்லை தலையில் போய் ஒட்டிக்கொண்டால் கேட்கும். பேச்சு வந்தது, பள்ளிக்கூடம் போனாள், வாய் கொஞ்சம் ஜாஸ்தியாகவே வந்தது. ஒரே ஒரு குறை. கூப்பிட்டால் கேட்கும், எங்கிருந்து கூப்பிடுகிறார்கள் என்று தெரியாது. அடுப்படியிலிருந்து நான் கூப்பிட்டால் வாசலுக்கு ஓடுவாள். தெருவில் யாராவது கூப்பிட்டால் நின்ற இடத்தில் ஒரு முழுச் சுற்று சுற்றித் தேடுவாள். பையன்கள் இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். பின்னாலிருந்து பேரைச் சொல்லிவிட்டு ஒளிந்துகொள்வார்கள், அவள் சுற்றுவாள், அவர்கள் சிரிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எட்டு வயதில், 2011 மாசியில், இடது காதுக்கும் வைத்தோம். அது எங்களால் எப்படி முடிந்தது என்பது தனிக் கதை, விடுங்கள். புண் ஆறியதும் சென்னையில் மெஷினை முதலில் ஓடவிட்ட ஆடியாலஜிஸ்ட் பெண் தெளிவாகத்தான் சொன்னாள். புதுக் காதில் எடுத்ததும் எதுவும் பேச்சாகக் கேட்காது, கீச்கீச்சென்றுதான் இருக்கும். மூளை பழகப் பழகச் சரியாகும். இரண்டும் சேர்ந்து பழகினால் சத்தம் எந்தப் பக்கம் என்பதுகூடப் பிடிபடும். ஆனால் இன்றிலிருந்தே விடாமல் போட வேண்டும், போடாமல் விட்டால் ஆபரேஷன் செய்ததே வீண். நான் சிதம்பரத்தில் டீச்சர். வகுப்பில் பிள்ளைகள் எனக்குத் தலையாட்டுவது போல அன்றைக்கு அவளுக்குத் தலையாட்டினேன்.

தலையாட்டி என்ன? என் அண்ணன் சபாபதி இருக்கிறானே. கடலூர் முதுநகர் துறைமுகத்தில் மீன் ஏலம் விடுகிறவன். புதுக் காது என்று கேட்டதுமே போனில் தீர்ப்பு சொல்லிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை நல்ல நேரத்தில் சீரோடு வருவானாம், தன் மடியில் உட்காரவைத்துத்தான் அந்தக் காதுக்கு முதல் பேச்சாம். சென்னையிலேயே அந்தப் பெண் பேசிவிட்டாள் என்றேன். அது மெஷின் சரிபார்ப்பது, பேச்சில் சேராது என்றான். என் வீட்டுக்காரர் சுரேந்தர் எந்தச் சண்டையிலும் மச்சான் கட்சி. ஆக, இன்றிலிருந்தே போட வேண்டிய மெஷின் ஞாயிறு வரை சாமி அலமாரியில் முருகன் படத்துக்கு முன்னால் இருந்தது. முருகனுக்கு நன்றாகக் கேட்டிருக்கும்.

ஞாயிறன்று மேளம் ஒன்றுதான் குறை. பழத் தட்டு, பட்டுப்பாவாடை, வளையல், அன்று காலை ஏலத்திலிருந்து நேராக எடுத்து வந்த வஞ்சிரம். தெருவே வந்து உட்கார்ந்தது. அண்ணன் மருமகளை மடியில் வைத்து, பழைய மெஷினைக் கழற்றிவிட்டுப் புதுசை மாட்டினான். அவள் அவனை அண்ணாந்து பார்த்துச் சிரித்தபடி இருந்தாள். உலகத்திலேயே அவளுக்கு மாமாதான் உசத்தி. அவன் குனிந்து காது ஓட்டையில் வாயை வைத்தான். மைக் காதுக்கு மேலே இருக்கிறது, ஓட்டையில் பேசிப் பிரயோஜனமில்லை என்றேன்.

"காதுல பேசாம வேற எங்க பேசுறது, சும்மா இரு மலரு," என்றான்.

பிறகு ஏலக் குரலெடுத்து அவள் பேரை மூன்று தரம் சொன்னான். எதிர்வீட்டு நாய் எழுந்து வேறு தெருவுக்குப் போனது. என்ன கேட்டது என்று எல்லோரும் கையை ஆட்டி அவளைக் கேட்டார்கள். தீபிகாவின் சிரிப்பு நின்றிருந்தது. யோசித்தாள். பொய் சொல்ல நாங்கள் அவளைப் பழக்கவே இல்லை.

"மாமா எலி மாரி கத்துறாங்க," என்றாள்.

தெரு விழுந்து விழுந்து சிரித்தது. மச்சான் கட்சிக்காரரே வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார். அண்ணன் முகம் கறுத்துவிட்டது. துறைமுகத்தில் அவன் ஒரு குரல் கொடுத்தால் அக்கரையில் நிற்கிறவன் திரும்புவான். அப்பேர்ப்பட்டவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, தான் கொண்டுவந்த வஞ்சிரத்தைக்கூட வாயில் வைக்காமல் கடலூர் பஸ் ஏறிவிட்டான். தாய்மாமன் கை நனைக்காமல் போவது எங்களில் சின்ன விஷயமில்லை.

அதையாவது சமாளித்திருப்பேன். அன்றிலிருந்து தீபிகா புதுக் காதைப் போட மறுத்துவிட்டாள். நான் மாட்டிவிட்டுத் திரும்புவதற்குள் கழற்றி ஸ்டீல் பீரோவில் ஒட்டிவிடுவாள். காந்தம் கச்சிதமாக ஒட்டிக்கொள்ளும். எங்கள் வீட்டில் பீரோ எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றது. கெஞ்சினேன், மிட்டாய் காட்டினேன், கடைசியில் கையை ஓங்கினேன். அழுதுகொண்டேதான் காரணத்தைச் சொன்னாள்.

"அது கெட்ட காதும்மா. மாமாவ எலி ஆக்குது. எனக்கு மாமா மாமாவாவே வேணும்."

ஓங்கிய கை அப்படியே இறங்கிவிட்டது. இதற்கு எந்த ஆடியாலஜிஸ்டிடம் போவது? நாளோ போய்க்கொண்டே இருந்தது. அவளுடைய மூளை எங்கள் வீட்டு ரோஷம் தீரும்வரை காத்துக்கொண்டிருக்குமா?

ஒரு காலை முதல் பஸ்ஸில் முதுநகர் போய், ஏலத்தின் நடுவிலேயே அண்ணனைப் பிடித்தேன். கூடையோடு நின்ற பெண்களுக்கு முன்னால் கத்தினேன். அவன் தங்கச்சிதானே, தொண்டை எனக்கும் உண்டு. எட்டு வயதுப் பிள்ளையிடமா ரோஷம், உன்னை எலியாக்குகிறது என்று அவள் காதையே வேண்டாம் என்கிறாள் என்றேன். பதிலுக்குக் கத்துவான் என்று பார்த்தால், சங்கரா மீன் குவியலையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"எலின்னதுக்குக் கோவமில்ல மலரு. நா பேசுனா எப்பவும் சிரிக்கிற புள்ள, அன்னிக்கு என்னப் பயந்து பாத்துச்சு," என்றான்.

எனக்கும் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் அதற்காக விட்டுவிட முடியுமா? வந்தே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டுத்தான் திரும்பினேன்.

சித்திரை பிறந்ததும் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் வந்தது. படகு கடலுக்குப் போகாது, ஏலம் கிடையாது, அண்ணனுக்கு வேலை கிடையாது. பள்ளிக்கூடமும் லீவு விட்டது. ஒரு பையோடு எங்கள் வீட்டில் வந்து இறங்கினான். வந்ததும் வராததுமாகத் துண்டை வால் மாதிரிப் பின்னால் செருகிக்கொண்டு, கீச்கீச்சென்று கத்தியபடி ஹாலை நாலு காலில் சுற்றிவந்தான். நல்ல கனத்த எலி, டீப்பாய் கவிழ்ந்தது. தீபிகா முதலில் முறைத்தாள், பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்த எலி எப்படிக் கத்துகிறது என்று பார்க்க பீரோவிலிருந்து காதை அவளே எடுத்து மாட்டிக்கொண்டாள்.

அப்புறம் தினமும் பாடம்தான். பழைய காதைக் கழற்றி வைத்துவிட்டு, துண்டால் வாயை மறைத்துக்கொண்டு அண்ணன் மீன் பேர் சொல்வான், அவள் கண்டுபிடிக்க வேண்டும். முதலில் அவளுக்கு எல்லா மீனும் நெத்திலிதான். பிறகு சுறா தனியாகப் பிரிந்தது, கொஞ்ச நாளில் வஞ்சிரம். ஒருநாள் என் செருப்பை ஏலம் விட்டான், அவள் கேட்டு எடுத்துவிட்டாள், நான் வெறுங்காலோடு கடைக்குப் போய்வந்தேன். வைகாசி பிறந்தபோது மாமாவின் குரலில் கீச்சு குறைந்திருந்தது. இப்போது பூனை மாதிரி இருப்பதாகச் சொல்லி அவனுக்குப் பதவி உயர்வு கொடுத்தாள்.

ஒளிந்து பிடிக்கிற ஆட்டம் மட்டும் தேறவில்லை. இரண்டு காதையும் போட்டுக்கொண்டு ஹால் நடுவில் நிற்பாள். அண்ணன் கதவுக்குப் பின்னாலிருந்து கூப்பிடுவான். அவள் வழக்கம்போல் ஒரு சுற்று சுற்றி, அடுப்படிக்கு ஓடுவாள். அதற்கும் நாளாகும், விடாதீர்கள் என்று ஆடியாலஜிஸ்ட் போனில் சொன்னாள். எனக்குத்தான் நம்பிக்கை விட்டுப்போனது. தடைக்காலம் முடியப்போகிறது, அண்ணன் ஏலத்துக்குப் போய்விடுவான், பள்ளிக்கூடம் திறக்கும், பையன்கள் மறுபடி என் பிள்ளையைச் சுற்றவிடுவார்கள்.

தடை முடிவதற்கு முந்தின நாள் அண்ணனைக் கொண்டுபோய் விட நானும் தீபிகாவும் முதுநகர் போனோம். துறைமுகம் கல்யாண வீடு மாதிரி இருந்தது. ஒரு படகுக்குப் பெயிண்ட், ஒரு படகுக்குப் பூஜை, எங்கே பார்த்தாலும் ஐஸ் உடைக்கிற சத்தம். தீபிகா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வலைக் குவியலில் சிப்பி பொறுக்கினாள். அண்ணன் வரிசையாகக் கட்டியிருந்த படகுகளில் இடது ஓரத்துப் படகில் ஏறினான். ஆட்டம் கீட்டம் எதுவும் நினைக்காமல், சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரி, "தீபு" என்றான்.

அவள் சுற்றவில்லை. கழுத்து இடப்பக்கம் திரும்பியது. நேராக அவனைப் பார்த்துக் கையாட்டிவிட்டு மறுபடி சிப்பியைப் பொறுக்கினாள்.

தற்செயல் என்றுதான் நினைத்தேன். அண்ணனுக்கும் அப்படித்தான் தோன்றியிருக்க வேண்டும். சத்தம் காட்டாமல் படகு விட்டுப் படகு தாண்டி வலது ஓரத்துக்குப் போய், இன்னும் மெல்லக் கூப்பிட்டான். கழுத்து வலப்பக்கம் திரும்பியது. இன்னொரு தரம் கூப்பிட வாயைத் திறந்தான். அத்தனை பேர் பார்க்கத் துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு படகு விளிம்பில் உட்கார்ந்துவிட்டான். நானும் நின்ற இடத்திலேயே அழுதேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு அதற்கு முன் வந்ததில்லை.

தீபிகா மாமாவிடம் போகவில்லை. சிப்பிகளைப் போட்டுவிட்டு நேராக என்னிடம் வந்தாள்.

"அம்மா, சத்தத்துக்கு எடம் இருக்கு. மாமா சத்தம் மொதல்ல அந்தாண்ட இருந்துச்சு, அப்புறம் இந்தாண்ட வந்துடுச்சு. உனக்குத் தெரியுமா?"

தெரியும் என்றேன். எல்லாருக்குமா தெரியும் என்று கேட்டாள். எல்லாருக்கும்தான் என்றேன், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என்னை முறைத்தாள்.

"அப்ப ஏன் எங்கிட்ட மட்டும் இத்தன நாளா யாருமே சொல்லல?"