பச்சைத் தேயிலை டிகாஷன்

2003இல் எங்கள் ஆபீசில் ஒரே ஒரு சூப்பிரண்டு நாற்காலி காலியாயிற்று. துறைத் தேர்வு எழுதத் தயாரான குமாஸ்தாக்கள் பன்னிரண்டு பேர். அதில் இரண்டு பேர் வலியசாலையில் ஒரே வீடு: என் கணவர் ஸ்ரீனிவாசனும் நாகலக்ஷ்மியாகிய நானும். ஏற்கெனவே நாலு தடவை எழுதித் தோற்றவள் நான். வயது வரம்பின்படி எனக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. அந்த நாற்காலி எனக்கு வேண்டும், அவ்வளவுதான்.

"நீயும் சும்மா எழுது நாகு, எனக்கு ஒரு துணையாச்சு," என்றார் இவர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தேர்வுக்கு ஒரு வாரம் முன்னால் பேப்பரில் எதையோ படித்தார். பச்சைத் தேயிலையில் தியானின் என்று ஒரு சரக்காம், அது மனசை அடக்குமாம். கஃபீன் மூளையை எழுப்புமாம். இரண்டும் சேர்ந்தால் கவனம் அசையாதாம். உடனே பழவங்காடிக் கடைத்தெருவுக்கு ஓடி ஒரு பாக்கெட் வாங்கி வந்தார்.

"ஒரு ஸ்பூன், ரெண்டே நிமிஷம்னு பாக்கெட்டுல போட்டிருக்கே, ஏன்னா?"

"அதெல்லாம் சீனாக்காரனுக்கு. நமக்கு ஃபில்டர் இருக்கு, கேட்டியோ!"

தேர்வன்று காலை அரை பாக்கெட்டை காபி ஃபில்டரில் போட்டு அமுக்கி, கொதிக்கக் கொதிக்க வெந்நீர் விட்டார். இறங்கியது சாட்சாத் கஷாயம். எங்கள் வீட்டில் முதல் டிகாஷன் அவருக்கு, இரண்டாவது எனக்கு. கல்யாணமான நாளாக இதுதான் சட்டம். வெறும் வயிற்றில் இரண்டு டம்ளர் இறக்கிவிட்டு, "மூளை இப்பவே தொறக்கறதுடீ!" என்றார். எனக்குக் கிடைத்தது வெளிறிப்போன தண்ணீர். குடிக்க நன்றாகத்தான் இருந்தது.

தேர்வறையில் அரை மணி நேரம் மின்னலாக எழுதினார். பிறகு கால் ஆடியது, பெஞ்சு ஆடியது, பேனா விழுந்தது.

"எந்தா சாரே, சுகமில்லே?" என்று மலையாளத்தில் கேட்டார் மேற்பார்வைக்கு வந்த ராஜஸ்ரீ மேடம்.

"நல்ல கவனமா இருக்கேன் மேடம்," என்று சொல்லிவிட்டு பாத்ரூமுக்கு ஓடினார். மூன்று தடவை ஓடினார். திரும்பி வந்து, எழுதிய விடையையே மறுபடி எழுதினார். பாவம்தான். ஆனால் நான் பேனாவைக் கீழே வைக்கவில்லை. மனசு அவ்வளவு நிதானமாக இருந்தது.

முடிவுப் பட்டியலில் என் நம்பர்தான் முதலில் இருந்தது, அவருடையது இல்லை. "கேள்வியே சரியில்லை," என்றார்.

நான் சூப்பிரண்டாக உட்கார்ந்த அன்று முதலில் வந்த காகிதம் ஒரு லீவு லெட்டர். "மதிப்பிற்குரிய மேடம்" என்று தொடங்கியது. காரணம், தலைவலி. எழுதியவர் இவர்தான்; என் மேஜைக்கு எதிரே கைகட்டி நின்றார்.

"உக்காருங்கோ" என்று நாக்கு நுனி வரை வந்தது, விழுங்கிவிட்டேன். நாலே வரிதான் அந்த லெட்டர். அதை இரண்டு தடவை நிறுத்தி நிதானமாகப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். அடடா, என்ன சுகம்!