அம்மா சொல்லாத கடிதம்

"இதுதான் அந்த ஆள் உக்காந்த நாற்காலியா?" என்று லிப்ராடோ கேட்டார்.

"அதே மாதிரி செஞ்சது அண்ணே. கீழ எழுதியிருக்கு பாரு."

"அதானே. நாற்காலி பொய், மேஜை பொய், ஜன்னலுக்கு வெளியே தெரியுற தோட்டம்கூட பெயிண்ட். இதுக்கு டிக்கெட் வேற."

ஒத்தீலியா சிரித்துக்கொண்டே அடுத்த கண்ணாடிப் பெட்டிக்கு நகர்ந்தாள். அறுபத்து நான்கு வயது. ஆற்றோர ஊர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் முப்பத்தெட்டு வருஷம் சரித்திரம் நடத்தி ஓய்வு பெற்றவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஓய்வுக்குப் பிறகு கோடைதோறும் பழைய காரை எடுத்துக்கொண்டு அமெரிக்க ஜனாதிபதிகளின் அருங்காட்சியகமும் காப்பகமும் சேர்ந்த நினைவு நூலகங்களுக்கு ஒவ்வொன்றாகப் போய் வந்தாள். கான்சாஸ், அயோவா, மிசூரி என்று ஊர் ஊராகச் சுற்றி, ஒரு சின்னப் புத்தகத்தில் முத்திரை குத்திக்கொண்டாள். இது பதினாலாவது. வீட்டிலிருந்து ஐந்து மணி நேரம்தான். ஆனாலும் இந்த ஆஸ்டின் நூலகத்தை மட்டும் தள்ளிக்கொண்டே வந்தாள். போன மாதம் கண் ஆபரேஷன் ஆனதால் அண்ணனை வண்டி ஓட்டச் சொல்லிக் கூட்டி வந்திருந்தாள்.

"செத்தவன் போட்ட செருப்பைப் பாக்கப் பதினாலு ஊரு. நல்ல டீச்சரம்மா போ" என்றார் லிப்ராடோ.

"நீ லாரியில முலாம்பழம் ஏத்திக்கிட்டு நாப்பது வருஷம் சுத்தினியே, அதைவிட இது மோசமில்லை."

"பழத்தைத் திங்கலாம்."

போர்ப் படங்கள் மாட்டிய சுவருக்கு வந்ததும் அவள் நின்றாள். நெல் வயல், ஹெலிகாப்டர், சேற்றில் படுத்திருக்கும் பையன்கள். எல்லாம் எவரிஸ்டோ வயசுப் பையன்கள். இவர்களுடைய மூத்த அண்ணன் எவரிஸ்டோ, இந்த ஜனாதிபதி நடத்திய அந்தப் போருக்குப் போய்த்தான் செத்தான்.

"அண்ணே, ஒண்ணு சொல்றேன். கத்தாதே."

"சொல்லு."

"அம்மா இந்த ஆளுக்குப் போட்ட கடிதம் இங்க இருக்கு. மேல, காப்பகத்துல. ஜனங்க எழுதினது எல்லாத்தையும் பேர் வாரியா எடுத்து வெச்சிருக்காங்களாம். நான் எழுதிக் கேட்டேன். அம்மா பேர்லயே, கன்டூ, யூலாலியான்னு ஒரு உறை இருக்கு, வந்து பாருங்கன்னு பதில் போட்டாங்க. ரெண்டு மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க."

லிப்ராடோ கத்தவில்லை. அரசாங்கம் தபாலைக் குப்பையில் கொட்டிவிடும் என்றுதான் ஐம்பத்தேழு வருஷமாக நம்பியிருந்தார். அரசாங்கத்தைப் பற்றி அவர் நம்பிய நல்ல விஷயம் அது ஒன்றுதான்.

அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஸ்பானிஷிலும் கையெழுத்து மட்டும்தான் போடுவாள். எவரிஸ்டோ பட்டாளத்துக்குப் போன வருஷம், சமையலறை மேஜையில் லிப்ராடோவை உட்காரவைத்து, தான் சொல்லச் சொல்ல ஜனாதிபதிக்கு இங்கிலீஷில் எழுதச் சொன்னாள். லிப்ராடோவுக்கு வயது பதினைந்து. இங்கிலீஷ் நன்றாக வரும் என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தான். உண்மையில் பாதி நாள் பள்ளிக்குப் போகாமல் பில்லியர்ட்ஸ் கடையில் கிடந்தான். அம்மா சொன்னதில் பத்தில் ஒரு வார்த்தைக்குக்கூட அவனிடம் இங்கிலீஷ் இல்லை. அதைச் சொல்ல வெட்கம். வகுப்பில் எல்லோரையும் நூறு தடவை எழுதவைத்த மாதிரிக் கடிதம் ஒன்று மனப்பாடமாக இருந்தது. அதையே கொஞ்சம் மாற்றி எழுதினான். அம்மா தாளை முத்தமிட்டு, கையெழுத்துப் போட்டு, தானே நடந்துபோய்த் தபாலில் சேர்த்தாள்.

பதில் வந்தது. கனமான தாள், மேலே கழுகு. "என்னடா போட்டிருக்கு?" என்று அம்மா கேட்டாள். "பாத்துக்கறோம்னு போட்டிருக்கு" என்றான். அம்மா மாதா படத்துக்கு முன்னால் மெழுகுவத்தி ஏற்றினாள். ஏழாவது வாரம் சீருடை போட்ட இரண்டு பேர் வந்து வாசலில் தொப்பியைக் கழற்றினார்கள்.

மாதா படத்துக்குப் பக்கத்தில் ஜனாதிபதி படமும் இருந்தது. அம்மா அதைக் கழற்றிக் கோழிக்கூண்டுக்குள் எறிந்தாள். அன்றிலிருந்து சாகும்வரை அந்த ஆளைத் திட்டாமல் ஒரு வாய் சாப்பிட்டதில்லை. பாத்துக்கறேன்னு எழுதிட்டு என் பிள்ளையைக் கொன்னானே, பாத்துக்கறேன்னு எழுதிட்டுக் கொன்னானே என்று. முப்பத்தொரு வருஷம்.

"வேணாம் புள்ள. கிளம்பலாம்" என்றார் லிப்ராடோ. "பழசைக் கிளறி என்ன ஆகப்போகுது?"

"நவம்பர் ரெண்டாம் தேதி, கல்லறைத் திருநாளுக்கு, அம்மாவுக்குப் பூ வைக்கும்போது அதைப் படிக்கப் போறேன். அம்மாவே பேசற மாதிரி இருக்கும்ல?"

"அரசாங்கத்துக்காரன் அதுல என்னென்ன மாத்தியிருப்பானோ. நான் நம்ப மாட்டேன்."

"நீ யாரைத்தான் நம்பின? நம்மூர் பாதிரியாரையே நம்ப மாட்ட." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அண்ணே, நான் ஏன் சரித்திரம் படிச்சேன் தெரியுமா? ஒரு பெரிய மனுஷன் ஒரு ஏழைப் பொம்பளைக்கு வாக்குக் கொடுத்துட்டு எப்படி மீறினான்னு தெரிஞ்சுக்கத்தான். ஏழு வயசுல ஆரம்பிச்சது. இன்னும் தெரியலை. மத்த பதிமூணு ஊர்லயும் போய் இதையேதான் தேடினேன்னு வெச்சுக்கோ."

லிஃப்டுக்குள் அவர் வாயைத் திறந்தார். கூட ஒரு குடும்பம் ஏறிக்கொண்டது. மூடிக்கொண்டார்.

படிக்கும் அறையில் காப்பகத்தில் வேலை பார்க்கும் ஒரு சின்னப் பெண் இருந்தாள். பைகளை வெளியே பூட்டி வைக்கச் சொன்னாள். லிப்ராடோவின் சட்டைப் பையிலிருந்த பேனாவைக் கேட்டு வாங்கிக்கொண்டு, "இங்கே பென்சில் மட்டும்தான் ஐயா" என்றாள்.

"ஏன், நான் என்ன கிறுக்கிடப் போறேனா?"

"எல்லாருக்கும் அதே விதிதாங்க."

சாம்பல் நிறப் பெட்டி வந்தது. அதிலிருந்து ஒரே ஓர் உறையை எடுத்து மேஜையில் விரித்துவைத்துவிட்டு அந்தப் பெண் தன் இடத்துக்குப் போனாள். நீலக் கோடு போட்ட நோட்டுத் தாள். மூலையில் சமையலறை எண்ணெய்க் கறை. அடியில் அம்மாவின் கோணல் கையெழுத்து.

ஒத்தீலியா தொடவில்லை. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள். ஆபரேஷன் ஆன கண்ணிலிருந்து நீர் வழிந்தது. "எனக்கு மங்கலா இருக்கு அண்ணே. நீ படி. உன் கையெழுத்துதானே."

லிப்ராடோ தாளை எடுத்தார். எட்டு வரி. மனது ஒரு கணம் லேசானது. அவளுக்கு எழுத்து தெரியவில்லை. நான் என்ன சொல்கிறேனோ அதுதான் கடிதம்.

"இங்கிலீஷ்ல வேணாம். அம்மா சொன்ன மாதிரியே நம்ம பாஷையில படிக்கிறேன்" என்றார்.

"அப்படியே படி."

அவர் படித்தார். தாளைப் பார்த்துக்கொண்டு, தாளில் இல்லாததைப் படித்தார். அம்மா அன்று சொன்ன சொற்களில் ஒன்றைக்கூட அவர் மறந்திருக்கவில்லை.

"ஐயா, நான் யூலாலியா. எனக்கு மூணு பிள்ளைங்க. மூத்தவன் உங்ககிட்ட இருக்கான். என் புருஷனுக்குப் பருத்தி மில்லுல கை போச்சு, இப்ப படுத்த படுக்கை. மூத்தவன் சம்பாத்தியத்துலதான் எங்க அடுப்பு எரிஞ்சுது. உங்களுக்கும் பொம்பளப் புள்ளைங்க இருக்குன்னு படத்துல பாத்தேன். அதனால கேக்கறேன். அவனுக்கு இருட்டுன்னா பயம். பெரியவனாயிட்டான், ஆனாலும் பயம். யார்கிட்டயும் சொல்ல மாட்டான், நான்தான் சொல்லணும். அவனைத் திருப்பி அனுப்பிடுங்க. பதிலுக்குக் கொடுக்க எங்ககிட்ட ஒண்ணுமில்லை. ஒரு ஆடு இருக்கு. பால் கறக்குது. அதை எடுத்துக்குங்க."

ஒத்தீலியா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "ஆடு கொடுக்கறேன்னாளா? கடவுளே, ஜனாதிபதிக்கு ஆடா?" அழுகைக்கு நடுவே சிரித்தாள். "அந்தக் கொம்பு உடைஞ்சது, அதானே? எங்க இருக்கு அண்ணே, எந்த வரியில? நான் அதை மட்டும் தொட்டுப் பாத்துக்கறேன்."

"விடு புள்ள. கண்ணுக்குக் கெடுதல்."

"ஒரே ஒரு வார்த்தைதானே."

அவள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு தாளைத் தன் பக்கம் இழுத்தாள். விரலைத் தாளில் படாமல் முதல் வரியிலிருந்து ஓட்டினாள். எட்டாவது வரிவரை போய், மறுபடி மேலே வந்தாள்.

"மதிப்புக்குரிய ஜனாதிபதி அவர்களே. நீங்கள் நலமா? நாங்கள் நலம். என் மகன் ராணுவத்தில் இருக்கிறான். அவன் சந்தோஷமாக இருக்கிறான். நாங்களும் சந்தோஷமாக இருக்கிறோம். நம் கொடி அழகான கொடி. மிக்க நன்றி." டீச்சரின் குரலில், பையன் ஒருவனின் நோட்டைப் படிப்பதுபோல் படித்தாள். "அண்ணே, ஆடு எங்கே?"



அவள் அடுத்த தாளைப் புரட்டினாள். அரசாங்கம் போட்ட பதிலின் கார்பன் நகல். தங்கள் அன்பான வாழ்த்துக்கு நன்றி என்று இரண்டு வரி. பாத்துக்கறோம் என்று எங்கும் இல்லை.

"எனக்கு எழுதத் தெரியலை" என்றார் லிப்ராடோ. "தெரியலைன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. ஆடுங்கற வார்த்தை மட்டும் தெரியும். அதை எழுதினா வாஷிங்டன்ல சிரிப்பாங்கன்னு விட்டுட்டேன்."

"அது பதினஞ்சு வயசுல. சரி. அதுக்கப்புறம்?"

"அப்புறம்…"

"முப்பத்தொரு வருஷம் அம்மா அந்த ஆளைத் திட்டினா. நீ பக்கத்துல உக்காந்து சாப்பிட்டே. எங்கண்ணே போச்சு உன் வாயி? அந்த ஆள்கிட்ட கேட்டதா அம்மா நினைச்சா. அவ கேக்கவே இல்லை. யாரும் யார்கிட்டயும் கேக்கவே இல்லை."

அறையின் மறுபக்கம் படித்துக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். ஒத்தீலியா எழுந்து, நாற்காலியை ஓசையில்லாமல் உள்ளே தள்ளிவிட்டு, வெளியே போனாள்.

காப்பகத்துப் பெண் வந்தாள். "முடிஞ்சுதுங்களா ஐயா?"

"ஏம்மா, இதுகூட இன்னொரு தாள் வைக்க முடியுமா? நான் சொல்றேன், நீ எழுது. அன்னைக்கு விட்டுப்போனது."

அவள் உறையை எடுத்து மூடினாள். "வைக்க முடியாதுங்க. அன்னைக்கு வந்தது என்னவோ அது மட்டும்தான். ரொம்ப வருத்தமா இருக்கு."

உறையைப் பெட்டிக்குள் வைத்து அவள் மூடுவதை லிப்ராடோ பார்த்துக்கொண்டு நின்றார்.

கீழே ஒத்தீலியா வெயிலில் வண்டியில் சாய்ந்து நின்றிருந்தாள். சாவி அவரிடம் இருந்தது, அதனால்தான் நின்றாள். கதவைத் திறந்ததும் பின்சீட்டில் ஏறிக்கொண்டாள். வண்டி சான் அன்டோனியோ ஊரைத் தாண்டியது. பிறகு பின்னாலிருந்து குரல் வந்தது.

"சொல்லு."

"என்னத்தை?"

"அம்மா சொன்னதை. முதல்லேர்ந்து."

சாலையைப் பார்த்துக்கொண்டே லிப்ராடோ சொன்னார். இருட்டு என்ற இடம் வந்ததும் குரல் நின்றுபோனது. அவள் காத்திருந்தாள், ஒத்தாசை செய்யவில்லை. அவர் மறுபடி தொடங்கி ஆடு வரைக்கும் போய் முடித்தார்.

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. லிப்ராடோவும் அதைக் கேட்கவில்லை.