ஷன்னுக்கு முன்னால்

சேலையூரில் பாதிப் பேருக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்த தயாளன் சாருக்கு இப்போது ஒரு வார்த்தைகூட முழுசாக வரவில்லை. பக்கவாதம் வலது கையோடு பேச்சையும் வாரிக்கொண்டு போய்விட்டது. மற்றவர் பேசுவது புரிந்தது, வாய்தான் ஒத்துழைக்கவில்லை. இரண்டாயிரத்து ஆறு மே மாதம் மகள் ஜோசலினுக்குக் கல்யாணம். வரவேற்பில் 'கன்கிராட்சுலேஷன்ஸ்' என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். அதற்குமேல் அவர் ஆண்டவரிடம் எதுவும் கேட்கவில்லை.

மனுஷர் பிடித்த வார்த்தையைப் பாருங்கள்! 'வாழ்க' என்றால் ஆகாதா? ஆகாதாம். ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் வாய்நிறையச் சொன்னதைச் சொந்த மகளுக்குக் குறைப்பாரா?

மத்தியானங்களில் ஜன்னலோரக் கட்டிலில் அரைத்தூக்கத்தில் கிடப்பார். அந்த வார்த்தை தானாகக் கழன்று ஐந்து துண்டாக அறைக்குள் மிதந்து வரும். 'கன்' கொசுவலையில் தொத்திக்கொள்ளும். 'கிராட்'டும் 'சு'வும் ஃபேன் காற்றில் சுற்றும். 'ஷன்ஸ்' சத்தமில்லாமல் ஜன்னல் வழியே கேம்ப் ரோடு பக்கம் இறங்கிப் போய்விடும். 'லே' மட்டும் அவர் நெஞ்சின்மேல் வந்து படுக்கும், தூங்குகிற குழந்தை மாதிரி கனமாக, இளஞ்சூடாக. எவ்வளவு சுகமாக இருக்கும்! வார்த்தைக் கடைசியில் 'ஷன்' வந்தால் அதற்கு முன்னால் இருக்கும் அசையை அழுத்து, ஸ்ட்ரெஸ் அங்கேதான் என்று பெஞ்சைத் தட்டித் தட்டிச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தானே.

விழித்தால் கதை வேறு. "கன்னுலேர்ந்து ஆரம்பிங்க" என்பாள் மனைவி ரத்தினபாய். பார்க்க வந்தவர்களும் அதையே சொன்னார்கள். அவரும் லேசுப்பட்டவரா? முதல் துண்டு வராமல் அடுத்ததைத் தொடமாட்டார். 'க'விலேயே நாக்கு இடறி, முகம் சிவந்து, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார்.

வரவேற்பன்று மாப்பிள்ளை ஜேசன் மைக்கை அவர் வாயருகே பிடித்தான். ஹால் அடங்கியது.

"க..." என்றார். மறுபடியும், "க..."

பழைய மாணவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவருக்கு உயிரே போனால் தேவலை என்றிருந்தது. கண்ணை மூடினார். உள்ளே எங்கோ அந்த மத்தியான வெளிச்சம் பரவியது. நெஞ்சின்மேல் படுத்திருந்த கனம் மெல்ல எழுந்து தொண்டைக்கு ஏறியது.

"லே!"

திருநெல்வேலிச் சொந்தங்கள் சார் யாரையோ அதட்டுகிறார் என்று திரும்பிப் பார்த்தன. நாலு பேர் நடுவில் இங்கிலீஷ் என்றாலே காத தூரம் ஓடுகிற ரத்தினபாய் எழுந்து வந்தாள். மைக்கை இழுத்துக் குனிந்தாள்.

"கன்... கிராட்... சு..." என்று சொல்லி நிறுத்தி, அவர் முகத்தைப் பார்த்தாள்.

"லே!" என்றார் அவர்.

"ஷன்ஸ்" என்று முடித்தாள்.

ஜோசலின் மேடையிலிருந்து ஓடிவந்து அவர் நாற்காலிக்கு முன்னால் மண்டியிட்டாள். அவருடைய இடது கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், சிரித்தாள்.

"ஸ்ட்ரெஸ் கரெக்ட், டாடி" என்றாள்.